கடிகாரத்தால் கடலை அளந்த தச்சர்

அடுத்த ஊர் எவ்வளவு தூரம் என்று அந்தக் காலத்துப் பெரியவர்களைக் கேட்டால், ஒரு நாழிகை வழி என்பார்கள்.

நாழிகை என்பது நேரம். ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். கேட்டது தூரம், பதிலில் வந்தது நேரம்! ஆனாலும் கேட்டவருக்கு விளங்கிவிடும். ஒரு நாழிகை நேரம் நடந்தால் போய்ச் சேரலாம். ஏறக்குறைய ஒன்றரை மைல்.

தீர்க்கம் என்ற சொல்லைப் பாருங்கள். தீர்க்காயுசாக இரு என்று பாட்டி வாழ்த்தினால், நீண்ட காலம் வாழ வேண்டும் என்று பொருள். பூகோளப் புத்தகத்தில் தீர்க்கரேகை என்று படித்தால், வட துருவத்திலிருந்து தென் துருவம் வரை ஓடும் நீண்ட கோடு என்று பொருள். முதலாவதில் நீளம் என்பது காலம். இரண்டாவதில் நீளம் என்பது இடம்.

இந்தக் கால நீளத்தைக் கொண்டு அந்த இட நீளத்தை அளக்கலாம் என்பது படித்தவர்களுக்கு முன்பே தெரியும். ஆனால் அளப்பதற்குக் கருவி இல்லை. அந்தக் கருவியைச் செய்து கொடுத்தவர் ஒரு தச்சர். அவர் பெயர் ஜான் ஹாரிசன். இங்கிலாந்துக்காரர். கல்லூரியை எட்டிப் பார்க்காதவர்.

கருவியைச் செய்ய அவருக்கு ஓர் ஆயுள் வேண்டியிருந்தது. செய்ததற்குக் கூலி வாங்கவோ, பாதி ஆயுள் போதவில்லை.

கடலில் மைல் கல் ஏது?

தரையில் நடப்பவனுக்கு மைல் கல் உண்டு, ஆலமரம் உண்டு, கோவில் கோபுரம் உண்டு. நடுக் கடலில் என்ன இருக்கிறது? நாலு பக்கமும் தண்ணீர்.

வடக்கு, தெற்காக எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதை மாலுமிகள் எளிதில் கண்டுபிடித்தார்கள். துருவ நட்சத்திரம் வானத்தில் எவ்வளவு உயரத்தில் தெரிகிறது என்று பார்த்தால் போதும். கிழக்கு, மேற்கு தூரம்தான் பிடிபடவில்லை. காரணம், பூமி சுற்றிக்கொண்டே இருக்கிறது. எல்லா நட்சத்திரங்களும் கிழக்கே உதித்து மேற்கே போகின்றன. நிலையான அடையாளம் ஒன்றுகூட இல்லை.

ஆனால் பூமி சுற்றுவதிலேயே வழியும் இருந்தது. பூமி ஒரு முழுச் சுற்றுச் சுற்ற 24 மணி நேரம் ஆகிறது. முழுச் சுற்று என்பது 360 டிகிரி. அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம்.

சென்னையையும் லண்டனில் இருக்கும் கிரீன்விச்சையும் எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனை வைத்துப் பார்த்தால், சென்னையில் உச்சிப் பொழுது ஆகும்போது கிரீன்விச்சில் காலை 6 மணி 39 நிமிடம்தான். வித்தியாசம் 5 மணி 21 நிமிடம். இதை டிகிரியாக மாற்றினால் 80¼. சென்னையின் தீர்க்கரேகை அதுதான்!

ஆகவே, கப்பலில் ஒரு நல்ல கடிகாரம் இருக்க வேண்டும். புறப்பட்ட ஊரின் நேரத்தை அது மாறாமல் காட்ட வேண்டும். நடுக் கடலில் சூரியன் உச்சிக்கு வரும்போது கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அது பிற்பகல் 2 மணி என்று காட்டினால், கப்பல் 30 டிகிரி மேற்கே வந்துவிட்டது என்று அர்த்தம்.

கேட்க எவ்வளவு சுலபம்! ஆனால் அந்தக் காலத்தில் கப்பலில் ஒழுங்காக ஓடும் கடிகாரம் உலகத்திலேயே கிடையாது. கப்பல் ஆடும்போது பெண்டுலம் தாறுமாறாக ஆடும். வெயில் பட்டால் உலோகம் நீளும்; குளிர்ந்தால் குறுகும். எண்ணெய் வெப்பத்தில் இளகும், குளிரில் இறுகும். நல்ல கடிகாரமே நாளைக்குச் சில நிமிடங்கள் பிசகும். ஒரு நிமிடம் பிசகினால், பூமத்திய ரேகைப் பக்கம் 15 கடல் மைல் பிசகு.

1707-ம் ஆண்டு அக்டோபர் 22-ந்தேதி இரவு இங்கிலாந்தில் ஒரு பெரிய விபத்து நடந்தது. கிளவுட்ஸ்லி ஷவல் என்ற கடற்படைத் தளபதி, ஜிப்ரால்டரிலிருந்து கப்பல்களுடன் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். எங்கே இருக்கிறோம் என்று சரியாகத் தெரியவில்லை. சில்லித் தீவுப் பாறைகளில் 4 கப்பல்கள் மோதி மூழ்கின. ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் மாண்டார்கள். தளபதியும் தப்பவில்லை.

1714-ல் ஆங்கிலப் பார்லிமெண்டு ஒரு சட்டம் கொண்டுவந்தது. தீர்க்கரேகையை அரை டிகிரிக்குள் சரியாகக் கண்டுபிடிக்க வழி சொல்பவருக்கு 20 ஆயிரம் பவுன் பரிசு! அன்றைக்கு அது ராஜா வீட்டுப் பணம். இதைக் கவனிக்க ஒரு போர்டும் அமைக்கப்பட்டது. வான நூல் வல்லவர்களும், கடற்படைத் தளபதிகளும், பார்லிமெண்டுப் பிரமுகர்களும் அதில் அங்கத்தினர்கள். கடிகாரத்தை நம்பிப் பயனில்லை என்பது மேதை நியூட்டனின் எண்ணம். வானத்தைப் பார்த்துத்தான் வழி காண முடியும் என்று பெரும்பாலோர் நினைத்தார்கள்.

அப்போது ஹாரிசனுக்கு வயது 21.

மரத்தில் ஒரு கடிகாரம்

ஹாரிசன் 1693-ம் ஆண்டு மார்ச் 24-ந்தேதி, யார்க்‌ஷயரில் ஃபவுல்பி என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை தச்சர். பிறகு குடும்பம் பாரோ என்ற கிராமத்துக்குக் குடிபோயிற்று. சிறுவன் தந்தையின் தொழிலைக் கற்றான். ஒரு பாதிரியார் இரவல் கொடுத்த விஞ்ஞானச் சொற்பொழிவு ஏட்டை, வரி விடாமல் கையாலேயே எழுதி எடுத்துக்கொண்டான். அதுதான் அவனுக்குப் பள்ளிக்கூடம்.

20-வது வயதில் முதல் கடிகாரத்தைச் செய்தார். சக்கரங்கள்கூட மரம்! தச்சருக்குத் தெரிந்தது மரம்தானே. அந்தக் கடிகாரத்தை இன்றும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

பிராக்கிள்ஸ்பி என்ற பண்ணையில் ஒரு பிரபுவின் குதிரை லாயத்துக்கு மேல் 1722 வாக்கில் ஒரு கடிகாரம் செய்து வைத்தார். எண்ணெய் போட்டால்தானே இளகுவதும் இறுகுவதும்? தானே எண்ணெய் கசியும் ஒரு கெட்டி மரத்தைத் தேடிப் பிடித்து, உராயும் இடங்களில் அதைப் பொருத்தினார். எண்ணெய் போடவேண்டிய வேலையே இல்லை. முந்நூறு ஆண்டு ஆகிறது. கடிகாரம் இன்னும் ஓடுகிறது!

அடுத்து வெயில் கோளாறு. பித்தளை அதிகம் நீளும். உருக்கு குறைவாக நீளும். இரண்டின் கம்பிகளையும் மாற்றி மாற்றிக் கோத்துப் பெண்டுலம் செய்தார். ஒன்று கீழே நீண்டால் மற்றொன்று மேலே நீளும். கூட்டிக் கழித்தால் பெண்டுலத்தின் நீளம் மாறுவதில்லை. கடிகாரத்தின் நேரம் கெடாமல் இருக்க, முதலில் ஒரு கம்பியின் நீளம் கெடாமல் இருக்க வேண்டும் என்பதை அவர் கண்டுகொண்டார்.

சரி, தன் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க அவரிடம் வேறு நல்ல கடிகாரம் ஏது? அதற்கும் ஒரு வழி கண்டார். இரவில் வீட்டு ஜன்னல் ஓரம் நிற்பார். குறிப்பிட்ட ஒரு நட்சத்திரம் பக்கத்து வீட்டுப் புகைபோக்கிக்குப் பின்னால் மறையும் வினாடியைக் குறித்துக்கொள்வார். அந்த நட்சத்திரம் ஒவ்வொரு இரவும் 3 நிமிடம் 56 வினாடி முன்னதாக மறைய வேண்டும். வானம் தவறாது. தவறினால் கடிகாரம்தான். அண்ணன் மணி சொல்ல, தம்பி ஜேம்ஸ் உதவ, இருவரும் சேர்ந்து செய்த கடிகாரங்கள் மாதத்துக்கு ஒரு வினாடி அளவே பிசகின.

லண்டன் பயணம்

1730 வாக்கில் ஹாரிசன் லண்டனுக்குப் போனார். ராஜாங்க வான நூல் அறிஞரான ஹாலியைப் பார்த்தார். வால் நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலிதான். ஹாலி அவரை ஜார்ஜ் கிரகாம் என்ற பெரிய கடிகாரக்காரரிடம் அனுப்பினார்.

தொழிலில் போட்டிக்கு வருகிறவன் என்று கிரகாம் கதவைச் சாத்தியிருக்கலாம். அவரோ, திட்டத்தைக் கேட்டுவிட்டு, வட்டி இல்லாமல் பணம் கொடுத்து அனுப்பினார். இந்தக் கதையில் மனம் நிறையும் இடம் இதுதான்.

முதல் கடல் கடிகாரம் 1735-ல் தயாராயிற்று. எடை 75 ராத்தல், அதாவது 34 கிலோ. பெண்டுலம் கிடையாது. எதிரும் புதிருமாக ஆடும் இரண்டு தண்டுகள் அதற்குப் பதில். கப்பல் எப்படி ஆடினாலும் ஒன்றின் ஆட்டத்தை மற்றொன்று சமன் செய்துவிடும்.

1736-ல் அதைக் கப்பலில் ஏற்றி, லிஸ்பனுக்கு அனுப்பினார்கள். ஹாரிசனும் உடன் போனார். போகும்போது பாவம், கடல் மயக்கத்தால் படாத பாடு பட்டார். திரும்பி வரும்போது கரை தெரிந்தது. அது இன்ன முனை என்று கப்பல்காரர்கள் சொன்னார்கள். இல்லை, இது அதற்கு மேற்கே உள்ள லிசார்டு முனை என்றார் ஹாரிசன். தச்சர் சொன்னதே சரியாக இருந்தது. கப்பல்காரர்களின் கணக்கில் 60 மைலுக்குக் குறையாத பிழை!

போர்டு மகிழ்ந்தது. அப்போதே பெரிய பரீட்சை வையுங்கள் என்று ஹாரிசன் கேட்டிருக்கலாம். அவர் கேட்கவில்லை. தம் கடிகாரத்தின் குறைகளைத் தாமே எடுத்துச் சொன்னார்! இன்னும் நல்லதாக ஒன்று செய்கிறேன், 500 பவுன் கொடுங்கள் என்றார்.

இரண்டாவது கடிகாரம் வந்தது. அதிலும் அவரே ஒரு குறை கண்டுபிடித்து ஒதுக்கினார். 1740-ல் மூன்றாவதைத் தொடங்கினார். அதற்கு எத்தனை ஆண்டு ஆயிற்று தெரியுமா? 19 ஆண்டு! சிறுவனாக இருந்த மகன் வில்லியம் வளர்ந்து, தந்தையோடு பட்டறையில் உட்கார்ந்து வேலை செய்தான்.

பிடிவாதம் என்று சொன்னாலும் சரி, நேர்மை என்று சொன்னாலும் சரி. அவர் கணக்குக்கு ஒரு வினாடி பெரிது. ஒரு வருஷம் சிறிது.

உள்ளங்கையில் விடை

இதற்கிடையே தம் சொந்த உபயோகத்துக்கென்று 1753-ல் ஒரு ஜேபிக் கடிகாரத்தைத் தம் யோசனைப்படி செய்ய வைத்தார். அது எதிர்பாராத அளவு சரியாக ஓடிற்று. ஹாரிசன் யோசித்தார். இவ்வளவு காலம் பெரிதாக, பெரிதாகச் செய்தது தப்போ? சிறியது வேகமாகத் துடித்தால், கப்பலின் ஆட்டம் அதை அசைக்காதோ?

1759-ல் நான்காவது கடிகாரம் முடிந்தது. அகலம் 13 சென்டிமீட்டர். எடை ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. வினாடிக்கு 5 துடிப்பு. உள்ளே வைரமும் மாணிக்கமும் வைத்து இழைத்திருந்தார். ஹாரிசனுக்கு வயது 66.

1761 நவம்பர் 18-ந்தேதி, வில்லியம் அந்தக் கடிகாரத்துடன் டெப்ட்ஃபோர்டு என்ற கப்பலில் ஜமைக்கா தீவுக்குப் புறப்பட்டார். முதலில் மதீராத் தீவைத் தொட வேண்டும். கப்பலில் இருந்த பீர் கெட்டுப்போய், மாலுமிகள் முகம் வாடிக் கிடந்தார்கள். தீவு எப்போது வரும்? கப்பல் தலைவர் கணக்கு ஒன்று. வில்லியம் கணக்கு வேறு. நேரே போங்கள், நாளைக் காலையில் தீவு தெரியும் என்றார் வில்லியம். மறுநாள் காலையில் தீவு கண் முன் நின்றது!

ஜமைக்காவை அடைந்தபோது 81 நாளைக் கணக்குப் பார்த்தார்கள். கடிகாரம் பிசகியது 5 வினாடிதான்! தூரத்தில் சொன்னால் ஒன்றேகால் கடல் மைல். சட்டம் கேட்டதோ 30 மைலுக்குள். திரும்பும்போது கடும் புயல். கடிகாரம் நனையாமல் வில்லியம் கம்பளியில் சுற்றிக் காப்பாற்றிக் கொண்டுவந்து சேர்த்தார்.

20 ஆயிரம் பவுன் கிடைத்துவிட்டது என்றுதானே நினைப்பீர்கள்?

இழுத்தடிப்பு

இது தற்செயலாக இருக்கலாம் என்றது போர்டு. ஜமைக்காவின் தீர்க்கரேகையே நமக்குச் சரியாகத் தெரியாதே என்றது. கொஞ்சம் பணம் கொடுத்து, மறுபடியும் பரீட்சை வைத்தது.

1764-ல் வில்லியம் பார்படோஸ் தீவுக்குப் போனார். 47 நாளில் பிழை 39 வினாடி. அதாவது 10 மைலுக்குள். தேவையைப் போல் மூன்று மடங்கு சரி! அங்கே சரி பார்க்க வந்திருந்தவர்களில் ஒருவர் நெவில் மாஸ்கலைன். நட்சத்திரங்களுக்கும் சந்திரனுக்கும் உள்ள இடைவெளியை அளந்து தீர்க்கரேகை காணும் முறையில் நம்பிக்கை கொண்டவர். மறு ஆண்டில் அவரே ராஜாங்க வான நூல் அறிஞர் ஆனார், போர்டிலும் அமர்ந்தார்.

1765-ல் புதுச் சட்டம் வந்தது. கடிகாரத்தைப் பிரித்துக் காட்டி ரகசியத்தைச் சொன்னால் பாதிப் பரிசு. அதே மாதிரி வேறு கடிகாரங்கள் செய்து காட்டினால் மீதி. ஹாரிசன் கொதித்தார். வேறு வழி இல்லாமல், அறிஞர் குழுவின் முன் ஆறு நாள் உட்கார்ந்து, திருகு திருகாகப் பிரித்துக் காட்டினார். பாதிப் பரிசு வந்தது. கடிகாரங்கள் எல்லாம் அரசாங்கத்துக்குப் போயின.

1766-ல் மாஸ்கலைன் வண்டியோடு ஹாரிசன் வீட்டுக்கு வந்தார். மூன்று பெரிய கடிகாரங்களையும் ஏற்றினார்கள். ஏற்றும்போதே முதல் கடிகாரத்தை ஆட்கள் கீழே போட்டுவிட்டார்கள். முப்பது வருஷ உழைப்பு, கிழவர் கண் முன்னால் தெருவில் குலுங்கிப் போயிற்று.

மாஸ்கலைனைக் கொடியவர் என்று சொல்லிவிடுவது சுலபம். அது நியாயமாகாது. அவர் 1767 முதல் வெளிவரச் செய்த வானக் கணக்குப் பஞ்சாங்கம் ஆயிரக்கணக்கான மாலுமிகளுக்குக் கை கொடுத்தது. ஹாரிசனின் கடிகாரத்தைப் பார்த்து லார்கம் கெண்டல் என்பவர் செய்த மறு பிரதிக்கு விலை 450 பவுன். சாதாரணக் கப்பல்காரன் அதை எப்படி வாங்குவான்? இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் ஒரு பக்கத்தில் இருந்தவருக்குத்தான் வயது போய்க்கொண்டிருந்தது.

கெண்டலின் பிரதியை எடுத்துக்கொண்டு கேப்டன் குக் 1772-ல் தென் கடல்களுக்குப் போனார். மூன்று ஆண்டுப் பயணம். பனிக் கடலும் கண்டது. வெப்பக் கடலும் கண்டது. முதலில் சந்தேகப்பட்ட குக், திரும்பும்போது அதைத் தம் நம்பிக்கையான வழிகாட்டி என்று மெச்சினார்.

மன்னர் பார்த்த கடிகாரம்

ஹாரிசன் சும்மா இருக்கவில்லை. கண் மங்கிய வயதில் ஐந்தாவது கடிகாரம் ஒன்றைச் செய்து முடித்தார். மகன் மூலம் மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு முறையிட்டார். மன்னருக்கு விஞ்ஞானத்தில் பிரியம் உண்டு. ரிச்மாண்டில் இருந்த தம் சொந்த வானாராய்ச்சி நிலையத்தில் 1772-ல் அந்தக் கடிகாரத்தைச் சோதித்தார்.

முதல் சில நாள் கடிகாரம் கண்டபடி ஓடிற்று! எல்லோரும் திகைத்தார்கள். பக்கத்து அலமாரியில் காந்தக் கற்கள் இருந்தது பிறகுதான் மன்னருக்கு நினைவு வந்தது. அவற்றை அகற்றினார்கள். அதன் பின் பத்து வாரம். நாளொன்றுக்குப் பிழை மூன்றில் ஒரு பங்கு வினாடிக்குள்.

மன்னர் ஹாரிசன் பக்கம் நின்றார். 1773-ல் பார்லிமெண்டே நேரில் தலையிட்டு 8,750 பவுன் வழங்கியது. அது கருணைத் தொகைதான். போர்டு கடைசி வரை அந்தப் பெரிய பரிசை யாருக்கும் வழங்கவில்லை.

பரிசை அறிவித்தபோது 21 வயது வாலிபர். பணம் கைக்கு வந்தபோது 80 வயது கிழவர். 1776 மார்ச் 24-ந்தேதி, தமது 83-வது பிறந்த நாளில், லண்டனில் ஹாரிசன் காலமானார். ஹாம்ஸ்டெட் மாதா கோவிலில் அடக்கம் செய்தார்கள்.

கடிகாரங்கள் வெகு காலம் துருப்பிடித்துக் கிடந்தன. 1920-க்குப் பிறகு ரூபர்ட் கௌல்டு என்ற கடற்படை அதிகாரி, பல ஆண்டு பாடுபட்டு அவற்றைத் துடைத்துப் பழுது பார்த்தார். முதல் மூன்றும் கிரீன்விச்சில் ஓடுகின்றன. நான்காவதை மட்டும் தேய்ந்துவிடாமல் இருக்க நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இன்றைக்குச் செயற்கைக் கோள்கள் கப்பலுக்கு வழி சொல்கின்றன. அவற்றுக்குள்ளும் இருப்பது கடிகாரம்தான். அணுக் கடிகாரம். ஒரு வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு தவறினால் ஏறக்குறைய ஓர் அடி தூரம் தவறும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். இறப்பதற்கு முந்திய வருஷம் ஹாரிசன் ஒரு புத்தகம் வெளியிட்டார். தம் முறைப்படி செய்த பெண்டுலக் கடிகாரம் 100 நாளில் ஒரு வினாடிக்கு மேல் பிசகாது என்று அதில் எழுதினார். கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று கேலி செய்தார்கள். நம் காலத்தில் சிலர் அவர் சொன்ன முறையிலேயே ஒரு கடிகாரம் செய்தார்கள். கிரீன்விச்சில் ஒரு பெட்டிக்குள் வைத்து, யாரும் தொடாதபடி முத்திரை வைத்து, 100 நாள் ஓட விட்டார்கள். 2015-ல் முடிவு வெளியாயிற்று. 100 நாளில் பிசகியது ஒரு வினாடியில் எட்டில் ஐந்து பங்கு.